ஒரு ‘அகெய்ன்’ நின்ற இடம்

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது சாட்சிகளின் தமிழ் வாக்குமூலத்தைக் கம்ப்யூட்டரே ஆங்கிலத்தில் மாற்றித் தந்துவிடுகிறது. அதைப் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போடுவதுதான் இவர்கள் வேலை. கம்பைநல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

“மேடம், பக்கம் பக்கமா வருதுங்க. எல்லாத்தையும் ஒரே கவனத்தோட படிக்க முடியறதில்ல. மொதல்ல எதப் பாக்கணும்னு சொல்லுங்க.”

“அட்வெர்ப் எங்க உக்காந்திருக்குதுன்னு பாருங்க” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கொலை வழக்கு, நில வழக்கு, விபத்து வழக்கு என்று ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறேன் என்று பேனாவோடு காத்திருந்தவர்கள். நானோ எட்டாம் வகுப்பு இலக்கணத்தில் வந்து நின்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தேன். சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குச் சொன்னதையும், அங்கே சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் செலின். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளியும் மஞ்சளும் போடுகிற குடும்பம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தேன், டைப்ரைட்டிங் ஹையர் முடித்தேன், பரீட்சை எழுதினேன், நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். சம்மனும் நகலும் அடித்தே சில வருடங்கள் ஓடின. பிறகு மொழிபெயர்ப்பாளர் இடம் காலியானது. அதில் போய் உட்கார்ந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை.

அங்கே எனக்கு மேலதிகாரி சிரஸ்தார் கோபாலப்பா. அலுவலக ஊழியர்களுக்கெல்லாம் தலைவர். ஒல்லியான, உயரமான மனிதர். வீட்டில் கன்னடம் பேசுவார், அலுவலகத்தில் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் எதுவுமே பேச மாட்டார். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தமிழ் மூலத்தை அவர் பார்க்கவே மாட்டார். அது என் கையில் இருக்க வேண்டும். என் ஆங்கிலத்தை எடுத்து ஒரு வாக்கியம் சத்தமாகப் படிப்பார், கண்ணை மூடுவார், அந்த ஆங்கிலத்திலிருந்து அவரே தமிழில் திருப்பிச் சொல்வார். அவர் சொன்ன தமிழும் என் கையிலிருக்கும் தமிழும் ஒத்துப்போனால் நான் “சரிங்க சார்” என்று சொல்ல வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நான் பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனத்தில் அவர் கண்ணைத் திறப்பார்.

முதல் வாரத்திலேயே கண்ணைத் திறந்தார். ஜீவனாம்ச வழக்கு ஒன்று. கணவன் குடிகாரனா என்று கேட்டதற்கு மனைவி, “திருவிழாவுக்கு மட்டும்தான் குடிப்பாருங்க” என்று சொல்லியிருந்தாள். நான், “ஹி ஒன்லி டிரிங்க்ஸ் அட் ஃபெஸ்டிவல்ஸ்” என்று அடித்திருந்தேன்.

கோபாலப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “திருவிழாவுல அவரு குடிக்க மட்டும்தான் செய்வாரு.”

நான் பேசவில்லை.

“ஏம்மா, அப்ப சாமி கும்புட மாட்டாரா? சோறு திங்க மாட்டாரா? தேர் இழுக்க மாட்டாரா?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. “இங்கிலீசுக்காரன் பேச்சுல இப்படிச் சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டான். ஆனா கோர்ட்டுல எதுத்தாப்புல ஒரு வக்கீல் நிக்கறாருங்க. ‘ஒன்லி’ எந்த வார்த்தையத் தொட்டுக்கிட்டு நிக்கணுமோ அதுக்குப் பக்கத்துல கொண்டாந்து வையுங்க” என்றார். ஒன்லியைத் தூக்கித் திருவிழாவுக்கு முன்னால் வைத்தேன். திரும்ப ஒருமுறை கண்ணை மூடினார். “திருவிழாவுல மட்டும்தான் குடிப்பாரு.” “சரிங்க சார்.”

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். தமிழில் ‘மட்டும்’, ‘தான்’, ‘உம்’ எல்லாம் தாய் இடுப்பில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி. எந்த வார்த்தையோடு ஒட்டியிருக்கிறதோ அதற்குத்தான் சொந்தம். வாக்கியத்தை எப்படிப் புரட்டிப் போட்டாலும் பிள்ளை இடுப்பிலேயே இருக்கும். ஆங்கில அட்வெர்ப், அதாவது வினையடை, அப்படியில்லை. அது சந்தையில் கைவிட்டுப்போன பிள்ளை. யார் பக்கத்தில் நிற்கிறதோ அவர்களுடைய பிள்ளை என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

சில வருடம் கழித்து தொப்பூர் கணவாயில் நடந்த ஒரு விபத்து வழக்கு வந்தது. மேலே ஏதோ வண்டி பழுதாகி நிற்க, பின்னால் வரிசையாக லாரிகள். அந்த வரிசையில் ஒரு டேங்கர் போய் மோதிவிட்டது. ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் சாட்சி. “கிட்டத்தட்ட எல்லா வண்டியும் நின்னு போச்சுங்க” என்று சொல்லியிருந்தார். நான் ‘ஆல்மோஸ்ட்’டை ‘ஆல்’ என்பதற்கு முன்னால் வைத்து அடித்தேன். கோபாலப்பா அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, வினைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுதினார். அவருக்கு அப்படி வைத்தால்தான் காதுக்கு நன்றாக இருந்ததாம்.

“சார், நீங்க எழுதினத நீங்களே ஒருக்கா கண்ண மூடிச் சொல்லுங்க” என்றேன்.

சிரஸ்தாரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பக்கத்து மேஜையில் டைப் சத்தம் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். “எல்லா வண்டியும் கிட்டத்தட்ட நின்னு போச்சு.” தானே கண்ணைத் திறந்தார். “அதாவது, எல்லாமே இன்னும் கொஞ்சம் உருண்டுக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணும் முழுசா நிக்கல.”

நான் பேசாமல் இருந்தேன்.

“நின்ன வண்டியில இடிச்சானா, ஓடற வண்டியில இடிச்சானாங்கறதுதான் கேஸே” என்று சொல்லிக்கொண்டே தான் எழுதியதை அடித்தார். என் வாக்கியத்தின் கீழே கையெழுத்துப் போட்டார். அன்று மாலை கேன்டீன் பையன் என் மேஜைக்கு ஒரு தட்டு போண்டா கொண்டுவந்து வைத்தான். யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு சிரஸ்தார் அறைப் பக்கம் கையைக் காட்டினான். அந்தப் போண்டாவின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

இப்போது அந்த வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் சூசை என்று ஒருவர். அம்மா வழியில் தூரத்து உறவு, நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒரே மகன், அந்தோணி. பக்கத்துக் கொல்லைக்காரன் மாதேஷ். எங்கள் பக்கத்தில் விளைநிலத்தைக் கொல்லை என்போம். இரண்டு கொல்லைக்கும் நடுவே ஒரு வண்டிப் பாதை. அதில் யார் லாரி போகலாம், யார் போகக் கூடாது என்று அந்தோணிக்கும் மாதேஷுக்கும் ஓயாத சண்டை. ஒரு நாள் காலையில் கொல்லையில் வைத்து அந்தோணி மாதேஷை அறைந்துவிட்டான். அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்துப் பாலத்தின்மேல் இருவரும் மறுபடி எதிர்ப்பட்டார்கள். பேச்சு முற்றியது. அந்தோணி பாலத்திலிருந்து கீழே கல்லின்மேல் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

மாதேஷ் அடித்துத் தள்ளினான் என்று வழக்கு. இரண்டு சண்டையையும் கண்ணால் பார்த்தவள் ஒருத்திதான். காலையில் அந்தக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவள், சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றவள். பெயர் லட்சுமம்மா. எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் அவள் சொன்னதைத் தமிழில் கேட்ட நீதிபதி மாதேஷை விடுதலை செய்தார். சூசை மாமா மேல்முறையீடு செய்தார். சென்னையில் வழக்கைக் கேட்ட நீதிபதி வடநாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு லட்சுமம்மா.

மாமாவின் வக்கீல் தாக்கல் செய்த மொழிபெயர்ப்பில் சாயங்காலச் சண்டை பற்றிய வரி இப்படி இருந்தது: “ஹி டிட் நாட் ஹிட் ஹிம் அகெய்ன்.” அதாவது, மறுபடி அடிக்கவில்லை. அப்படியென்றால் ஒரு தடவை அடித்தான் என்றுதானே அர்த்தம்? வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். கண்ணால் கண்ட சாட்சியே ஓர் அடி விழுந்ததை ஒப்புக்கொள்கிறாள், கீழ் நீதிமன்றம் அதைக் கவனிக்கத் தவறிவிட்டது என்று வாதாடினார். எதிர்த் தரப்பு அந்த மொழிபெயர்ப்பை மறுத்தது. உடனே நீதிபதி, மாவட்ட நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளரே முழு வாக்குமூலத்தையும் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். வழக்குக் கட்டு என் மேஜைக்கு வந்தது.

அதில் மாமாவின் பெயரைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். நேரே மாவட்ட நீதிபதியிடம் போய், முறையீடு செய்தவர் எனக்குத் தூரத்து உறவு என்று எழுதிக் கொடுத்தேன். வேறு மொழிபெயர்ப்பாளர் அப்போது இல்லை. நான் மொழிபெயர்க்கவும், கோபாலப்பா வரிக்கு வரி சரிபார்த்து அவரும் கையெழுத்துப் போடவும் உத்தரவானது. அந்த விஷயத்தைச் சென்னைக்கும் தெரிவித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன். சூசை மாமா ஒரு தார் வாழைப்பழத்தோடு வாசலில் நின்றார்.

“உள்ள வாங்க மாமா” என்றேன். அவர் வரவில்லை.

“ஏம்மா செலினு, அந்த ‘அகெய்ன்’ எங்க இருந்தா என்னம்மா? முன்னால இருந்தாலும் பின்னால இருந்தாலும் ஒரே வார்த்ததானாம். வக்கீலு சொன்னாரு.”

“மாமா, நான் இதப் பத்தி உங்ககிட்டப் பேசக் கூடாதுங்க.”

“நீ ஒண்ணும் பொய் எழுத வேண்டாம். இருக்கற வார்த்தைய அது இருக்கற எடத்துலயே வுட்டுரு. அதான் கேக்கறேன். எம் புள்ள போயிட்டானேம்மா.”

“தெரியுங்க மாமா” என்றேன். வேறு என்ன சொல்வது? பழத்தை வாங்கவில்லை. அவர் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வாங்கியிருந்தாலே மேல் என்று தோன்றும் அளவுக்கு மனசு வலித்தது. மறுநாள் முதல் வேலையாக, அவர் வந்து பேசியதையும் மாவட்ட நீதிபதியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வாக்குமூலத்தைப் பிரித்தேன். நம் நீதிமன்றங்களில் வக்கீலின் கேள்வியை எழுதுவதில்லை, சாட்சியின் பதிலை மட்டும் தொடர்ச்சியாக எழுதிக்கொண்டே போவார்கள். அதனால் எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்று தெரியாது. லட்சுமம்மா சொன்னது சொன்னபடியே இருந்தது; அதில் ‘அவன்’ மாதேஷ், ‘இவன்’ அந்தோணி. “காலைல அந்தோணி அடிச்சான். மாதேசு பேசாமப் போயிட்டான். சாயந்தரம் பாலத்துமேல அந்தோணி கை ஓங்கினான். மறுக்காவும் அவன் அடிக்கல. வெலகிட்டான். இவன் வீசின வேகத்துல கால் தடுக்கி வுழுந்துட்டான்.”

மறுக்காவும். எங்கள் பக்கத்தில் மறுக்கா என்றால் மறுபடி. ஆனால் அவள் மறுக்கா என்று சொல்லவில்லை. மறுக்காவும் என்றாள். ‘மறுக்கா அடிக்கல’ என்றால் ஒருமுறை அடித்தவன் அதற்குமேல் அடிக்கவில்லை. ‘மறுக்காவும் அடிக்கல’ என்றால் முதல் தடவையும் அடிக்கவில்லை, இந்தத் தடவையும் அடிக்கவில்லை. ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போவதும் போகாததும் அந்த ‘உம்’மில் இருந்தது.

‘உம்’முக்கு ஆங்கிலத்தில் தனியாக வார்த்தை வைக்கப் பார்த்தேன். ‘ஈவன் தென்’ என்றால் அவள் சொல்லாத அழுத்தம் வந்துவிடுகிறது. ‘தி செகண்ட் டைம் ஆல்ஸோ’ என்றால் இரண்டாவது தடவை என்று அவள் எண்ணிச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. மாதேஷுக்குச் சாதகமாக ஓர் எழுத்துகூடக் கூட்டக் கூடாது, மாமாவுக்குச் சாதகமாக ஓர் எழுத்துகூடக் குறைக்கக் கூடாது. கடைசியில், இருக்கிற ‘அகெய்ன்’ போதும், இடத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று கண்டேன். வாக்கியத்தின் தலையில் வைத்தேன். “அகெய்ன் ஹி டிட் நாட் ஹிட் ஹிம்.”

கோபாலப்பா படித்தார். கண்ணை மூடினார்.

“மறுபடியும் அவன் அடிக்கல” என்றார்.

“சரிங்க சார்” என்றேன்.

“மறுபடி இல்லீங்களே? மறுபடியும்தானே?”

“ஆமாங்க சார். மறுபடியும்.”

“அப்ப கீழ ஒரு குறிப்பு போடுங்க. மூலத்துல இருக்கற வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துலயே எழுதி, அதுல ஒட்டியிருக்கறது என்னன்னு ஒரே வரியில சொல்லுங்க. விளக்கம் வேண்டாம், வாதம் வேண்டாம். வாதம் வக்கீலோடது.”

அப்படியே அனுப்பினோம். சில வாரங்களில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. மொழிபெயர்ப்பாளர் வீடியோவில் ஆஜராகி விளக்கம் தர வேண்டும்.

வீடியோ அறையில் ஒரு டிவி, ஒரு மைக், கண்ணைக் கூச வைக்கிற விளக்கு. கோபாலப்பா கேமராவுக்குத் தெரியாத பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். திரையில் நீதிபதி தெரிந்தார். வயதானவர், முகத்தில் அவசரமில்லை. மாமாவின் வக்கீல் எழுந்து மரியாதையாகவே பேசினார். மொழிபெயர்ப்பாளரின் நேர்மையைத் தான் சந்தேகிக்கவில்லை, அகெய்ன் முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் அகெய்ன்தான், இடம் என்பது நடை அழகு சம்பந்தப்பட்டது, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார்.

நீதிபதி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: “இது நடை அழகு மட்டும்தானா?”

“இல்லை. நீதிமன்றத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்ல அனுமதி வேண்டும்.”

“சொல்லுங்கள்.”

“ ‘தி விட்னஸ் டிட் நாட் கம் அகெய்ன்.’ இந்தச் சாட்சி ஒரு முறை வந்தார், சாட்சி சொன்னார், பிறகு வரவில்லை. ‘அகெய்ன் தி விட்னஸ் டிட் நாட் கம்.’ இந்தச் சாட்சி போன வாய்தாவுக்கும் வரவில்லை, இந்த வாய்தாவுக்கும் வரவில்லை. முதல் சாட்சியை நீதிமன்றம் மறந்துவிடலாம். இரண்டாவது சாட்சிக்கு வாரண்ட் போட வேண்டியிருக்கும்.”

என் குரல் சென்னைக்குப் போய்ச் சேர ஒரு கணம் ஆனது. அந்தக் கணம் திரையில் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். பிறகு நீதிபதி சிரித்தார். வக்கீல்கள் பக்கத்திலிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. நீதிபதி இரண்டு வாக்கியங்களையும் தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. கீழே குனிந்து லட்சுமம்மாவின் வரியைப் படித்தார்.

“மூலத்தில் இருப்பது இரண்டாவது வகைதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?”

‘உம்’மைப் பற்றிச் சொன்னேன். அது ஒட்டிய இடத்தை விட்டு அசையாது என்று சொன்னேன். ஒரு தடவை அடித்துவிட்டு நிறுத்தினான் என்று சொல்ல வேண்டியிருந்தால் எங்கள் ஊரில் களை எடுக்கிறவர்களும் சரி, கலெக்டர் அலுவலகத்தில் இருப்பவர்களும் சரி, அந்த ‘உம்’மைப் போட மாட்டார்கள் என்றேன். அங்கே இருந்த தமிழ் வக்கீல்களைப் பார்த்து நீதிபதி, “இதை யாராவது மறுக்கிறீர்களா?” என்று கேட்டார்.

மாமாவின் வக்கீலே எழுந்தார். ஒரு நிமிடம் பேப்பரைப் பார்த்தார். “இல்லை, மை லார்ட். அவர்கள் சொல்வது சரி. என் அம்மாவும் அப்படித்தான் பேசுவார். இந்த வாதத்தை நான் வற்புறுத்தவில்லை” என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றிலிருந்து பெரிய மரியாதை.

திரை அணைந்தது. கோபாலப்பா எழுந்தார். பாராட்டிப் பழக்கமில்லாத மனிதர். சட்டைப் பையிலிருந்து, திருத்திக் கையெழுத்துப் போடுகிற தன் பச்சை மைப் பேனாவை எடுத்து மேஜையில் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, “எனக்கு இன்னும் கொஞ்ச மாசம்தான் சர்வீஸுங்க. இனிமே உங்களோடத நீங்களே சரிபாத்துக்குவீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் அந்த அறையில் தனியாக நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்தேன். அப்போது எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது.

தீர்ப்பு வந்தது. முறையீடு தள்ளுபடி, மாதேஷின் விடுதலை உறுதி. தீர்ப்பின் நடுவில், மேற்கோள் குறிக்குள், என் வாக்கியம். ‘அகெய்ன்’ முதலில் நின்றது. பெரிய எழுத்தில் ஆரம்பித்து, நிமிர்ந்து நின்றது. என் பெயர் எங்கும் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

அதற்கப்புறம் சூசை மாமா கோவிலில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயம்தான் என்று இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“கேஸு முடிஞ்சுபோச்சு. இப்ப பேசலாமில்ல?”

“பேசலாங்க மாமா.”

“அந்தப் பொம்பள என்னதான் சொன்னா? முழுசா ஒருக்கா சொல்லு. போலீசு ஒண்ணு சொன்னான், வக்கீலு ஒண்ணு சொன்னாரு, ஊர்க்காரன் ஒண்ணு சொன்னான். அவ சொன்னத யாரும் எனக்குச் சொல்லல.”

எனக்கு அது மனப்பாடம். ஒரு சொல் மாறாமல் சொன்னேன். காலை, கொல்லை, அடி, பேசாமல் போனது. சாயங்காலம், பாலம், ஓங்கிய கை. மறுக்காவும் அவன் அடிக்கல. வெலகிட்டான். இவன் வீசின வேகத்துல கால் தடுக்கி வுழுந்துட்டான்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறுக்காவுமா?”

“மறுக்காவுங்க மாமா.”

“அப்ப எம் புள்ளைய யாரும் கொல்லலியா?”

“இல்லீங்க மாமா. யாரும் கொல்லல.”

அவர் அழுவார் என்று நினைத்தேன். மூச்சை இழுத்து விட்டார். எத்தனையோ வருடம் அடைத்திருந்த ஒன்று வெளியே போன மாதிரி நீளமான மூச்சு. “தெனம் காலைல எந்திரிச்சா அவன் மூஞ்சிம்மா. பக்கத்துக் கொல்ல, எங்க போறது? எம் மவனக் கொன்னவன் எதுத்தாப்புல நிக்கறான்னு நெனச்சு நெனச்சே சோறு எறங்காது” என்றார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தார். “மாதேசு லாரி போவக் கூடாதுன்னு பாதையில முள்ள வெட்டிப் போட்டு வெச்சிருக்கேன். போய் இழுத்துப் போடணும்” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

மரவள்ளி அறுப்புக் காலத்தில் ஒரு நாள் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். மாதேஷின் கொல்லையிலிருந்து மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அந்த வண்டிப் பாதை வழியாகத் தார் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ரோட்டின் நடுவில் துண்டை வீசி எங்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டு, “வரட்டும், வரட்டும், ஒடிச்சு வா!” என்று கத்தி லாரியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார் சூசை மாமா. மாதேஷ் பின்னால் டயருக்குக் கல் வைத்துக்கொண்டே, “மெதுவாங்க பெரிப்பா, கால் பாத்து!” என்று பதிலுக்குக் கத்தினான்.

லேட்டாகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எந்த அவசரமும் இல்லை.